ஸ்டேட் ஸ்பேஸ்: மாணவர்களும் புதிதாகப் பாடம் எடுப்பவர்களும் கேட்கும் கேள்விகள்

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தின் கடைசி யூனிட்டான ஸ்டேட் ஸ்பேஸை (மாடர்ன் கண்ட்ரோல் என்பதும் இதுதான்) எடுக்கும்போதெல்லாம் வகுப்பிலும் லேபிலும் வைவாவிலும் அதே சந்தேகங்கள் வருகின்றன. புதிதாக இந்தப் பேப்பரை எடுக்க வரும் ஆசிரியர்களும் ஏறக்குறைய அவற்றையேதான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்கு வரும் இடங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு டிசி மோட்டாரைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். ஆகவே மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

சார், டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன், ரூட் லோகஸ், போடி பிளாட் எல்லாம் படிச்சாச்சு. அப்புறம் எதுக்கு "மாடர்ன்"னு தனியா ஒண்ணு?

நீங்கள் படித்தவை எல்லாம் ஒரு உள்ளீடு, ஒரு வெளியீடு என்ற அமைப்புக்குப் பிறந்த கருவிகள். (டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் என்பது உள்ளீட்டிலிருந்து வெளியீடு எப்படி வருகிறது என்பதை எஸ் என்ற மாறியில் எழுதும் பின்னம்.) நீராவி இன்ஜினின் கவர்னர் ஏன் நிலையில்லாமல் ஆடுகிறது என்று மேக்ஸ்வெல் 1868-ல் எழுதினார். ரௌத்தின் நிலைத்தன்மைச் சோதனை 1877-ல் வந்தது. தொலைபேசி ஆம்ப்ளிஃபையர்கள் ஊளையிட்டதால் நைக்விஸ்டின் 1932 கட்டுரை வந்தது, அதைத் தொடர்ந்து போடியின் வேலையும். எவான்ஸின் ரூட் லோகஸ் 1948. இவை எதுவும் பழசாகிப் போகவில்லை, இன்றும் தினமும் பயன்படுகின்றன.

ராக்கெட்டுக்கும் செயற்கைக்கோளுக்கும் பல உள்ளீடுகள், பல வெளியீடுகள். எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டும், எல்லாவற்றையும் நேரடியாக அளக்கவும் முடியாது. அமெரிக்காவில் பெல்மனும் சோவியத் யூனியனில் பொன்ட்ரியாகினும் 1950-களில் இதற்கான அடித்தளத்தைப் போட்டார்கள். 1960-ல் மாஸ்கோவில் நடந்த முதல் ஐஃபாக் (சர்வதேசத் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கூட்டமைப்பு) மாநாட்டில் ருடால்ஃப் கால்மன் கண்ட்ரோலபிலிட்டி, அப்சர்வபிலிட்டி என்ற இரண்டு கருத்துகளை முன்வைத்தார். எதை நம்மால் நகர்த்த முடியும், எதை நம்மால் அறிய முடியும் என்று கேட்கும் கருத்துகள் அவை. பழைய முறை இந்த இரண்டையும் நேராகக் கேட்டதே இல்லை. இந்த யூனிட்டில் வரும் மேட்ரிக்ஸ் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான்.

ஸ்டேட்னா என்ன சார்? டெஃபனிஷன் மனப்பாடம் ஆயிடுச்சு, ஆனா புரியல.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மோட்டார் ஷாஃப்ட்டைப் புகைப்படம் எடுத்து வகுப்பில் காட்டினால் இது விளங்கும். படத்தில் ஷாஃப்ட் 30 டிகிரியில் இருக்கிறது. இனிமேல் கொடுக்கப்போகும் வோல்ட்டேஜ் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறோம். அடுத்த நொடி ஷாஃப்ட் எங்கே இருக்கும்? யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கணத்தில் அது எந்த வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது என்பதும் தெரிய வேண்டும். கோணம், வேகம் இரண்டும் தெரிந்துவிட்டால், மோட்டார் நேற்று என்ன செய்தது, காலையில் என்ன செய்தது என்பதெல்லாம் தேவையே இல்லை. எதிர்காலத்தைக் கணிக்கக் கடந்த காலத்திலிருந்து எது எது தெரிய வேண்டுமோ அதுதான் ஸ்டேட்.

இதே மோட்டாரைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். கோணம் மாறும் வீதம் = வேகம். வேகம் மாறும் வீதம் = −2 × வேகம் + 4 × வோல்ட்டேஜ். இதை மேட்ரிக்ஸாக எழுதினால், ஸ்டேட் தானாக எப்படி மாறுகிறது என்று சொல்லும் ஏ-யின் முதல் வரிசை 0, 1. இரண்டாம் வரிசை 0, −2. உள்ளீடு எதைத் தொடுகிறது என்று சொல்லும் பி என்பது மேலே 0, கீழே 4. டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனாக எழுதினால் 4 / எஸ்(எஸ் + 2).

எத்தனை ஸ்டேட் வரும்னு பார்த்ததும் எப்படிச் சொல்றது?

ஆற்றலைச் சேமிக்கும் உறுப்புகளை எண்ணுங்கள். இண்டக்டர், கெப்பாசிட்டர், சுழலும் நிறை, ஸ்பிரிங், தொட்டியில் தேங்கிய நீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கோணம் போல, ஆற்றல் இல்லாவிட்டாலும் கூட்டித் தொகுத்து வைக்கும் அளவுகளையும் சேருங்கள். ஒன்றையொன்று கட்டிப்போட்ட உறுப்புகளை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது. பேரலலாக இருக்கும் இரண்டு கெப்பாசிட்டருக்கும் ஒரே வோல்ட்டேஜ்தான், எனவே ஒரு ஸ்டேட்தான்.

மேலே மோட்டாரில் ஆர்மேச்சர் இண்டக்டன்ஸை விட்டுவிட்டேன், கவனித்தீர்களா? அதைச் சேர்த்தால் மூன்று ஸ்டேட் வரும். சின்ன மோட்டார்களில் மின்சாரம் மில்லிசெகண்டில் நிலைக்கு வந்துவிடும், வேகம் வருவதற்கு அதைவிட வெகுநேரம் ஆகும் என்பதால் விட்டேன். எதை விடலாம் என்று முடிவெடுப்பதும் பாடத்தில் சேர்ந்ததுதான். விடைத்தாளில் "இண்டக்டன்ஸ் புறக்கணிக்கப்பட்டது, காரணம் இது" என்று ஒரு வரி எழுதும் மாணவருக்கு நான் கூடுதலாகவே மார்க் போடுவேன்.

என் ஏ மேட்ரிக்ஸும் ஆன்சர் கீ-யில இருக்கிற ஏ மேட்ரிக்ஸும் வேற வேற. எனக்கு மார்க் கிடையாதா?

கிடைக்க வேண்டும். ஒரே அமைப்பை எண்ணற்ற வழிகளில் ஸ்டேட் ஸ்பேஸாக எழுதலாம். நீங்கள் கோணத்தை ரேடியனிலும் பக்கத்தில் இருப்பவர் டிகிரியிலும் எடுத்தாலே எண்கள் மாறிவிடும். ஒருவர் கண்ட்ரோலபிள் கேனானிக்கல் வடிவம் எழுதுவார், இன்னொருவர் ஜோர்டான் வடிவம் எழுதுவார். அந்த வடிவங்களுக்கு இடையே இருப்பது சிமிலாரிட்டி டிரான்ஸ்ஃபர்மேஷன்.

திருத்துபவர் பார்க்க வேண்டியது மாறாத விஷயங்களைத்தான்: ஐகன்வேல்யூக்கள், டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன், கண்ட்ரோலபிளா இல்லையா என்ற பதில். கேள்வியில் குறிப்பிட்ட ஒரு வடிவம்தான் வேண்டும் என்றால் அதை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டுவிட்டு, வேறு வடிவத்தில் எழுதியவருக்கு மார்க்கைக் குறைப்பது நியாயமில்லை.

ஐகன்வேல்யூவும் போலும் ஒண்ணுதானே?

போல் என்பது டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனின் கீழ்ப்பகுதியைப் பூஜ்யமாக்கும் எஸ் மதிப்பு; ஐகன்வேல்யூ ஏ-யிலிருந்து வருவது. பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். ஒன்றாக இல்லாத இடத்தில்தான் ஆபத்து. 1 / (எஸ் − 1) என்ற நிலையற்ற அமைப்புக்கு முன்னால் (எஸ் − 1) / (எஸ் + 2) என்ற காம்பன்சேட்டரை வைக்கிறோம். தாளில் இரண்டும் அடிபட்டு 1 / (எஸ் + 2) என்று அழகாக வந்துவிடும். போல் −2, நிலையானது என்று எழுதிவிடுவோம்.

இதையே ஸ்டேட் ஸ்பேஸில் எழுதினால் இரண்டு ஐகன்வேல்யூ வரும்: +1, −2. அந்த +1 எங்கும் போகவில்லை. உள்ளீட்டால் அதைத் தொட முடியாது என்பதால்தான் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனில் அது தெரியவில்லை. ஒரு சின்னத் தொந்தரவு போதும், உள்ளே இருக்கும் ஸ்டேட் வளர்ந்துகொண்டே போய் எதையாவது உடைக்கும் அல்லது சாச்சுரேட் ஆகும் (தன் உச்ச வரம்பில் சிக்கிக்கொள்ளும்). வலது பக்கப் (நேர்மதிப்புள்ள, நிலையற்ற) போலை ஜீரோவால் (மேல்பகுதியைப் பூஜ்யமாக்கும் மதிப்பால்) அடிக்காதீர்கள் என்று கிளாசிக்கல் பாடத்தில் சொல்லப்படும் எச்சரிக்கைக்கு உண்மையான காரணம் இதுதான். மாடர்ன் கண்ட்ரோல் எதற்கு என்று கேட்கும் வகுப்புக்கு நான் முதலில் போடும் கணக்கும் இதுவே.

கண்ட்ரோலபிலிட்டிக்கு ரேங்க் போட்டுட்டேன், 2 வந்துச்சு. அதுக்கு என்ன சார் அர்த்தம்?

நம் மோட்டாருக்கு பி-யையும் ஏ பெருக்கல் பி-யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதல் வரிசை 0, 4. இரண்டாம் வரிசை 4, −8. டிட்டர்மினன்ட் −16, பூஜ்யம் இல்லை. எனவே ரேங்க், அதாவது ஒன்றையொன்று சாராத வரிசைகளின் எண்ணிக்கை, 2. வோல்ட்டேஜ் நேராகத் தொடுவது வேகத்தை மட்டும்தான், அதனால்தான் பி-யில் மேலே 0. ஆனால் வேகம் வழியாகக் கோணத்தையும் பிடித்துவிடலாம். ஏ பெருக்கல் பி சொல்வது அந்த இரண்டாவது படியைத்தான். எந்தக் கோணத்துக்கும் எந்த வேகத்துக்கும் கொண்டுபோகலாம் என்பதே ரேங்க் 2-இன் பொருள்.

இப்போது ஒரு பம்ப், சமமாகப் பிரியும் குழாய், அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இரண்டு தொட்டிகள். ஏ-யின் மூலைவிட்டத்தில் −1, −1. பி-யில் 1, 1. டிட்டர்மினன்ட் பூஜ்யம். இரண்டு தொட்டியும் எப்போதும் ஒன்றாகவே ஏறி இறங்கும். ஒன்றில் 20 சென்டிமீட்டர், மற்றதில் 30 என்று ஒரே பம்ப்பை வைத்து நிறுத்திக் காட்டவே முடியாது. லேபில் இதைச் செய்யச் சொன்னால் மாணவர்கள் அரை மணி நேரத்தில் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். இரண்டாவது தொட்டியின் எண் −1.01 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிட்டர்மினன்ட் −0.01. ரேங்க் 2 ஆகிவிட்டது, தேர்வில் "கண்ட்ரோலபிள்" என்று எழுதினால் முழு மார்க். நிஜத்திலோ அந்த இரண்டு மட்டங்களையும் பிரிக்கப் பம்ப் ராட்சத அளவில் இயங்க வேண்டியிருக்கும். ரேங்க் சோதனை ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லும். எவ்வளவு கஷ்டம் என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள சிங்குலர் வேல்யூக்களையோ கிரேமியனையோ பார்க்க வேண்டும்.

அப்சர்வபிலிட்டியும் அதே மாதிரிதானே, டிரான்ஸ்போஸ் போட்டா வந்துடுமே?

கணக்கு அப்படித்தான் வரும். அதனால்தான் பலர் இதை யோசிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். நம் மோட்டாரில் டேக்கோ மட்டும் மாட்டி வேகத்தை அளக்கிறோம். எதை அளக்கிறோம் என்று சொல்லும் சி என்பது 0, 1. சி பெருக்கல் ஏ என்பது 0, −2. ரேங்க் 1 தான். கோணத்தை இதிலிருந்து எடுக்கவே முடியாது. சென்னையிலிருந்து திருச்சி போகும் பஸ்ஸில் இடையில் கண் விழித்தவர் ஸ்பீடாமீட்டரை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விழுப்புரம் தாண்டியதா இல்லையா என்று தெரியாது. ஏறிய இடமும் நேரமும் தெரிந்தால் கூட்டிக் கணக்குப் போடலாம், ஆனால் அந்தத் தொடக்கப் புள்ளியைத்தான் அளவீடு தருவதில்லை.

மாறாகப் பொட்டென்ஷியோமீட்டரையோ என்கோடரையோ மாட்டிக் கோணத்தை அளந்தால் சி என்பது 1, 0. சி பெருக்கல் ஏ என்பது 0, 1. ரேங்க் 2. கோணம் எப்படி மாறுகிறது என்பதிலிருந்து வேகம் கிடைத்துவிடும். எந்த சென்சார் வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டே வரிக் கணக்கில் பதில் கிடைக்கிறது. இதை வெறும் ரேங்க் கணக்காக மட்டும் நடத்திவிட்டுப் போனால் மனசு பொறுக்கவில்லை.

போலை இடது பக்கம் எவ்வளவு தள்ளி வெச்சாலும் நல்லதுதானே சார்? வேகமாதானே செட்டில் ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டேட்டுகளைக் கெயின்களால் பெருக்கி உள்ளீடாகத் திருப்பிக் கொடுப்பதுதான் ஸ்டேட் ஃபீட்பேக். வோல்ட்டேஜ் = −கே1 × கோணப் பிழை − கே2 × வேகம். மூடிய லூப்பின் சமன்பாடு எஸ்² + (2 + 4கே2)எஸ் + 4கே1. போல்கள் −4 ± ஜே4-இல் வேண்டும், அதாவது எஸ்² + 8எஸ் + 32. கே1 = 8, கே2 = 1.5. ஒரு ரேடியன் பிழை இருந்தால் கண்ட்ரோலர் 8 வோல்ட் கேட்கும். மேசையில் 12 வோல்ட் சப்ளை இருக்கிறது, சரி.

இன்னும் வேகமாக வேண்டும் என்று போல்களைப் பத்து மடங்கு தள்ளி −40 ± ஜே40-இல் வையுங்கள். எஸ்² + 80எஸ் + 3200. கே1 = 800, கே2 = 19.5. இப்போது ஒரு ரேடியன் பிழைக்கு 800 வோல்ட் கேட்கிறது! சப்ளை 12 வோல்ட்டில் நின்றுவிடும். லூப் ஏறக்குறைய எப்போதும் சாச்சுரேஷனிலேயே கிடக்கும், நீங்கள் போட்ட போல் எதுவும் நிஜத்தில் இருக்காது. சென்சாரில் வரும் 0.01 ரேடியன் இரைச்சல்கூட 8 வோல்ட்டாக மோட்டாரை உலுக்கும்.

போல் பிளேஸ்மென்ட் கணக்கு கொடுக்கும் ஆசிரியர்கள் கூடவே "இந்தப் பிழைக்கு எத்தனை வோல்ட் கேட்கிறது?" என்றும் கேட்டுவிடுங்கள். அந்த ஒரு வரி சேர்ந்தால் போல்களிலிருந்து கெயினைத் தரும் அக்கர்மன் ஃபார்முலாவில் எண்ணைப் போட்டு எடுப்பதோடு கணக்கு முடிந்துவிடாது.

ஸ்டேட் ஃபீட்பேக் போட்டேன், ஆனா மோட்டார் சரியா அந்த இடத்துல நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் தள்ளி நிக்குது.

லோடு அல்லது உராய்வு. உங்கள் மோட்டார் மேல் 0.8 வோல்ட்டுக்குச் சமமான சுமை எப்போதும் இருக்கிறது என்று வையுங்கள். ஷாஃப்ட் நிற்க வேண்டுமானால் கண்ட்ரோலர் அந்த 0.8 வோல்ட்டைத் தந்துகொண்டே இருக்க வேண்டும். கே1 = 8 என்றால் அதற்கு 0.1 ரேடியன் பிழை தேவை, கிட்டத்தட்ட 5.7 டிகிரி. வெறும் ஸ்டேட் ஃபீட்பேக்குக்கு இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை, ஏனென்றால் சுமை நம் ஸ்டேட்டில் இல்லை.

தீர்வு, பிழையைத் தொகுக்கும் ஒரு மூன்றாவது ஸ்டேட்டைச் சேர்ப்பது. அதன் மாறும் வீதம் = கோணம் − வேண்டிய கோணம். இப்போது மூன்று போல்கள் வைக்க வேண்டும், மூன்று கெயின் கிடைக்கும். லூப் நிலையாக இருந்தால் அந்தத் தொகுப்பு ஒரு இடத்தில் நின்றாக வேண்டும்; நிற்க வேண்டுமானால் பிழை பூஜ்யம் ஆகியாக வேண்டும்.

இண்டஸ்ட்ரியில எல்லாம் பிஐடிதானே ஓடுது? இதைப் படிச்சு என்ன பிரயோஜனம்?

பிஐடி என்பது பிழை, அதன் தொகுப்பு, அதன் மாறும் வீதம் மூன்றையும் கெயின்களால் பெருக்கிக் கூட்டும் கண்ட்ரோலர். முந்தைய இரண்டு பதில்களை இன்னொரு தடவை பாருங்கள். கோணத்தின் மேல் கே1, வேகத்தின் மேல் கே2, தொகுப்பின் மேல் மூன்றாவது கெயின். இது பிஐடியேதான்! இரண்டாம் ஆர்டர் மோட்டாருக்கு முழு ஸ்டேட் ஃபீட்பேக்கும் இண்டக்ரல் ஸ்டேட்டும் போட்டால் பிஐடி வந்து நிற்கிறது. சீக்ளர்–நிக்கோல்ஸ் 1942-ல் டியூனிங் விதியாகக் கொடுத்ததை நாம் காரணத்தோடு வந்தடைகிறோம். மூன்றாம், நான்காம் ஆர்டர் அமைப்புகளில் பிஐடி ஏன் திணறுகிறது என்பதும் இப்போது விளங்கும்: தேவையான ஸ்டேட் நான்கு, உங்கள் கையில் இருக்கும் தகவல் அதைவிடக் குறைவு.

தொழிற்சாலைகளில் பெரும்பான்மை லூப்கள் பிஐடிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சுத்திகரிப்பு ஆலைகளில் பிஐடிக்கு மேலடுக்காக மாடல் பிரெடிக்டிவ் கண்ட்ரோல் 1970-களிலிருந்தே இருக்கிறது. மின்வாகன பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பதை நேராக அளக்க முடியாது. அதைக் கணிக்கக் கால்மன் ஃபில்டர் (பின்னால் விளக்குகிறேன்) பரவலாகப் பயன்படுகிறது. ட்ரோன் தன் சாய்வை அறிவதும் இந்தக் குடும்பத்துக் கணக்குகளால்தான்.

எல்லா ஸ்டேட்டையும் அளக்க முடியாதுன்னா அப்சர்வர் போடலாம்னு இருக்கு. அப்சர்வர் போல் எங்கே?

லுவென்பெர்கர் 1964-ல் வெளியிட்ட யோசனை இது: மோட்டாரின் மாடலைக் கம்ப்யூட்டரில் கூடவே ஓடவிட்டு, அளந்த கோணத்துக்கும் கணித்த கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் மாடலைத் திருத்திக்கொண்டே இருப்பது. கண்ட்ரோலர் போலைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு வேகம் என்பது வழக்கமான தொடக்கம். நம் மோட்டாருக்கு −20, −20 என்று வைத்தால் திருத்தக் கெயின்கள் 38, 324.

இன்னும் தள்ளி −200, −200 வைத்தால் 398, 39204. சுற்றுக்கு 400 கவுண்ட் தரும் என்கோடரில் ஒரு கவுண்ட் 0.0157 ரேடியன். 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கணக்கு ஓடுகிறது என்றால் ஒரே ஒரு கவுண்ட் பிசகு, கணித்த வேகத்தை முதல் அமைப்பில் 0.05 ரேடியன்/செகண்ட் அளவுக்கும் இரண்டாவதில் 6-க்கு மேலும் குலுக்கும். அதோடு எளிய ஆய்லர் முறையில் −200 என்ற போல் 1 − 200 × 0.01 = −1 என்று யூனிட் சர்க்கிளின் (டிஜிட்டல் கணக்கில் நிலைத்தன்மையின் எல்லை) விளிம்பிலேயே உட்கார்ந்துவிடும், அப்சர்வர் தானாகவே ஆடும். போலைத் தள்ளுவதற்கு இங்கேயும் விலை உண்டு.

எல்கியூஆர்-ல கியூ, ஆர் எப்படி எடுக்கிறது? ஐடென்டிட்டி மேட்ரிக்ஸ் போட்டா போதுமா?

எல்கியூஆர் என்பது பிழைக்கும் உள்ளீட்டுக்கும் எடை போட்டுக் கூட்டி, மொத்தம் மிகக் குறைவாகும்படி கெயினைக் கணக்கிடும் முறை; ஸ்டேட்டுகளின் எடை கியூ, உள்ளீட்டின் எடை ஆர். ஐடென்டிட்டி போட்டால் ஒரு ரேடியனும் ஒரு ரேடியன்/செகண்டும் ஒரு வோல்ட்டும் சமமான கஷ்டம் என்று சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்படி நினைத்தா போட்டீர்கள்? பிரைசன் விதியிலிருந்து தொடங்குங்கள்: ஒவ்வொரு அளவுக்கும் அதிகபட்சம் எவ்வளவு பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவுசெய்து, அதன் வர்க்கத்தின் தலைகீழைப் போடுங்கள். கோணம் 0.5 ரேடியன் என்றால் 4. வேகம் 5 என்றால் 0.04. வோல்ட்டேஜ் 12 என்றால் 1/144.

நம் மோட்டாருக்கு, அந்தக் கெயினைத் தரும் ரிக்காட்டி சமன்பாட்டைத் தீர்த்தால் கே1 = 24, கே2 சுமார் 3.74. அரை ரேடியன் பிழைக்கு 24 × 0.5 = 12 வோல்ட். நீங்கள் பொறுத்துக்கொள்வதாகச் சொன்ன பிழையில், உங்களிடம் இருக்கும் முழு வோல்ட்டேஜும் துல்லியமாகப் பயன்படுகிறது. இந்த மோட்டாரில் கே1 என்பது கியூவின் முதல் எண்ணை ஆர்-ஆல் வகுத்த வர்க்கமூலம் என்பதால் இப்படி வருகிறது. போர்டில் இந்த 12 வந்து விழும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

கால்மன் ஃபில்டரும் அப்சர்வர்தானே? எல்கியூஆரோட சேர்த்தா பெஸ்ட் கண்ட்ரோலர் ஆயிடுமே?

கால்மன் ஃபில்டரும் அப்சர்வரின் அமைப்புதான். போலை நாம் கையால் வைக்காமல், மாடலின் மேல் எவ்வளவு நம்பிக்கை, சென்சாரின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று இரைச்சல் அளவுகளாகச் சொன்னால் திருத்தக் கெயினை அதுவே கணக்கிடும். 1960-ல் வந்த இந்தக் கணக்கை நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ஸ்டான்லி ஷ்மிட்டின் குழு நான்லீனியர் வடிவத்துக்கு விரித்து, நிலவுக்குப் போகும் பாதையைக் கணிக்கப் பயன்படுத்தியது.

"பெஸ்ட்" என்ற சொல்லில்தான் மாணவர்கள் ஏமாறுகிறார்கள். எல்லா ஸ்டேட்டையும் அளக்கும் ஒற்றை உள்ளீட்டு எல்கியூஆருக்குக் குறைந்தது 60 டிகிரி ஃபேஸ் மார்ஜின் (நிலைகுலையும் முன் லூப் தாங்கும் கூடுதல் ஃபேஸ் தாமதம்) உண்டு. கெயின் பாதியாகக் குறைந்தாலும் எவ்வளவு கூடினாலும் லூப் தாங்கும். கால்மன் ஃபில்டரைச் சேர்த்ததும் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. ஜான் டாயில் 1978-ல் காட்டியது இதைத்தான்: அப்படிச் சேர்த்த கண்ட்ரோலருக்கு உறுதியான மார்ஜின் என்று எதுவும் கிடையாது. கொடுத்த மாடலுக்கு அது சிறந்தது, மாடல் சற்று மாறினால் கவிழலாம். எனவே டிசைன் முடிந்ததும் லூப்பை உடைத்து போடி பிளாட் போட்டு மார்ஜினைப் பாருங்கள். கிளாசிக்கல் கருவி இங்கே காப்பாற்றும். முதல் கேள்வியில் இவை பழசாகவில்லை என்றேனே, அது வெறும் மரியாதைக்குச் சொன்னதில்லை.

சிமுலேஷன்ல சூப்பரா வருது. ஹார்ட்வேர்ல ஆடுது இல்லன்னா நகரவே மாட்டேங்குது. ஏன் சார்?

முதலில் உங்கள் லூப் உண்மையிலேயே எத்தனை மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓடுகிறது என்று ஒரு பின்னை மேலும் கீழும் மாற்றி ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். ஆர்டுயினோவில் 9600 பாட் சீரியல் பிரிண்ட் வைத்திருந்தால் ஒரு எழுத்துக்கு ஒரு மில்லிசெகண்டுக்குச் சற்று மேல் ஆகும். இருபது எழுத்துகளை ஒவ்வொரு சுற்றிலும் அச்சிட்டால், பஃபர் நிரம்பியதும் உங்கள் 10 மில்லிசெகண்ட் லூப் 20-க்கு மேல் போய்விடும். பிரிண்ட்டை எடுத்தால் ஆட்டம் நிற்கும். பலமுறை பிரச்சினை இவ்வளவுதான்.

நகரவே இல்லை என்றால் டெட் சோன். கியர் மோட்டார்கள் ஒரு குறிப்பிட்ட வோல்ட்டேஜ் வரை அசையவே அசையாது. நம் லீனியர் மாடலில் அது இல்லை. வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எங்கே அசைகிறது என்று அளந்து, அந்த அளவைக் கண்ட்ரோலர் வெளியீட்டோடு கூட்டுங்கள். அடுத்து கியர் பேக்லாஷ் (பற்களுக்கு இடையேயான தளர்வு), அதற்கடுத்து சாச்சுரேஷனில் இண்டக்ரல் தொகுந்துகொண்டே போவது. இந்த வரிசையில் தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

(ஆசிரியர்) 45 பீரியட் பேப்பர்ல கடைசி யூனிட்டுக்கு ஒன்பது பீரியட்தான். அதுலயும் பாதி இன்டர்னல் டெஸ்ட்ல போயிடுது. எதை விடறது?

கேனானிக்கல் வடிவங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவதைக் குறையுங்கள். ஒன்றை மட்டும் செய்து, மற்றவை ஏன் சமம் என்று "கீ வேற வேற" கேள்வியில் சொன்னதைச் சொன்னால் போதும். ஸ்டேட் டிரான்சிஷன் மேட்ரிக்ஸை மூன்று முறையில் கண்டுபிடிப்பதையும் ஒரு முறையாகச் சுருக்கலாம். மிச்சமாகும் நேரத்தை டேக்கோ, என்கோடர் உதாரணத்துக்கும் 800 வோல்ட் கணக்குக்கும் கொடுங்கள்.

இன்னொரு வழி, ஸ்டேட்டைக் கடைசிவரை தள்ளிவைக்காமல் இருப்பது. முதல் யூனிட்டில் மோட்டாரின் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் எடுக்கும் அன்றே, அந்த இரண்டு சமன்பாடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி "இது இன்னொரு வடிவம்" என்று சொல்லிவையுங்கள். கடைசி யூனிட் வரும்போது அந்நியமாக இருக்காது.

(ஆசிரியர்) பசங்களுக்கு முதல் வருஷ மேட்ரிக்ஸே மறந்துபோச்சு. ஐகன்வேல்யூன்னா முகம் மாறிடுது.

மொத்தத்தையும் திரும்ப நடத்த வேண்டாம். 2×2 மட்டும், கையால். டிட்டர்மினன்ட், ஐகன்வேல்யூ, ரேங்க் மூன்றும் போதும். 3×3 வந்ததும் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடுங்கள். மேட்லேப் லைசென்ஸ் இல்லாத கல்லூரியில் சைலேப் அல்லது ஆக்டேவ் இலவசமாகக் கிடைக்கிறது; ஐஐடி பம்பாயின் ஃபாஸ்ஸி திட்டம் சைலேபுக்குப் பயிற்சிப் பொருட்களையும் தருகிறது. பைதானிலும் கண்ட்ரோல் நூலகம் இருக்கிறது. மாணவருக்குத் தேவை, வந்த விடையைப் பார்த்து இது நடக்குமா, நடக்காதா என்று சொல்லும் பழக்கம். 3×3 இன்வர்ஸைக் கையால் போடுவதில் தீரும் அரை மணி நேரம் அந்தப் பழக்கத்தைத் தருவதில்லை.

இப்ப ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் வந்தாச்சே சார். டேட்டா குடுத்தா அதுவே கத்துக்குதே?

அந்தத் துறையின் முதல் பாடத்திலேயே ஸ்டேட் என்ற சொல்லும் பெல்மன் சமன்பாடும் வரும். எல்கியூஆரின் ரிக்காட்டி சமன்பாடு, பெல்மன் சமன்பாட்டை லீனியர் அமைப்புக்கு எழுதினால் கிடைப்பதுதான். எனவே இங்கே படிப்பது அங்கேயும் வரும். தவறான ஸ்டேட்டைக் கொடுத்தால், உதாரணமாக வேகத்தைக் கொடுக்காமல் கோணத்தை மட்டும் கொடுத்தால், கற்கும் நிரலும் அந்தப் புகைப்படத்தைப் பார்த்த மாணவர்போல் திணறும்.

ப்ராஜெக்ட்டுக்குக் கோனிக்கல் டேங்க் எடுத்திருக்கோம். அது நான்லீனியர் ஆச்சே, ஸ்டேட் ஸ்பேஸ் எப்படிப் போடறது?

நம்மூர் இன்ஸ்ட்ருமென்டேஷன் துறைகளில் இந்தக் கூம்புத் தொட்டி இல்லாத லேப் அபூர்வம். நல்ல தேர்வுதான். ஒரு மட்டத்தைத் தேர்ந்தெடுத்து அதைச் சுற்றி லீனியரைஸ் செய்ய வேண்டும். நீர்ப்பரப்பு மட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும், வெளியேறும் நீர் மட்டத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவும் மாறுவதால், டைம் கான்ஸ்டன்ட் மட்டத்தின் 2.5 அடுக்குக்கு ஏற்ப மாறும். 10 சென்டிமீட்டரில் இருப்பதைவிட 40 சென்டிமீட்டரில் அது 32 மடங்கு. ஸ்டெடி ஸ்டேட் கெயின் இரண்டு மடங்குதான் கூடும்.

ஒரே மாடலை வைத்து முழுத் தொட்டிக்கும் டிசைன் செய்த ப்ராஜெக்ட்கள் அடிமட்டத்தில் ஆடுவதோ மேல்மட்டத்தில் தூங்குவதோ இதனால்தான். மூன்று, நான்கு மட்டங்களில் தனித்தனி மாடல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கெயின் கணக்கிட்டு, அளந்த மட்டத்தைப் பார்த்து இடையில் மெல்ல மாற்றுங்கள். கீழ்மட்டத்தில் தொட்டி வேகமாக மாறுவதால் மட்டங்களை அங்கே நெருக்கமாகவும் மேலே தள்ளித்தள்ளியும் எடுங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் சின்ன ஸ்டெப் கொடுத்து டைம் கான்ஸ்டன்ட்டை நேராக அளந்து, 2.5 அடுக்குக் கணக்கோடு ஒப்பிட்டு அட்டவணையாக ரிப்போர்ட்டில் போடுங்கள். வால்வின் நடத்தை சரியான வர்க்கமூலமாக இருக்காது என்பதால் கொஞ்சம் விலகும். அந்த விலகலுக்கு நீங்கள் காரணம் சொல்லும் பத்தியைத்தான் வைவாவில் முதலில் புரட்டிப் பார்ப்பேன்.